“நாலு மரையாணிதானே, மாஸ்ரர்!”

வேலைத்தலத்தில் எரிவாயு மானி பொருத்துதல்: எம்மவர் அறிந்திருக்க வேண்டியவை

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வன்னியில் எம்மிடம் படித்த மாணவர் ஒருவர் ஸ்காபரோவிலுள்ள எமது வீட்டுக்கு வந்தார். கனடாவுக்கு வந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அகதிக் கோரிக்கை இன்னமும் விசாரணைக்கு வரவில்லை. பாண் தயாரிக்கும் பெரிய வெதுப்பகம் ஒன்றில் இரவு வேலை. தேநீர்க் கோப்பையை வாங்கி வைத்துக்கொண்டு நெடுநேரம் குடிக்காமலே இருந்தார். பின்னர் மெதுவாகச் சொன்னார்:

“மாஸ்ரர், புதுப் போறணை எவ்வளவு காஸ் இழுக்குது எண்டு தனியப் பாக்க முதலாளி ஒரு மீற்றர் வாங்கி வைச்சிருக்கிறார். வாற சனிக்கிழமை என்னைப் பூட்டச் சொல்லுறார். ரெண்டு பக்கமும் நாலு நாலு மரையாணிதானே, நீ கெட்டிக்காரன், செய்வாய் எண்டு சொல்லுறார்.”

“நீர் என்ன சொன்னீர்?”

“ஓம் எண்டுதான் சொன்னனான். வேற என்ன சொல்லுறது? வேலை போனால்...”

அவர் அந்த வசனத்தை முடிக்கவில்லை. முடிக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வாடகை, வழக்கறிஞரின் கட்டணம், ஊரிலிருக்கும் தாயாருக்கு மாதந்தோறும் அனுப்பவேண்டிய பணம் ஆகிய அனைத்தும் அந்த மௌனத்துக்குள் அடங்கியிருந்தன. நாமும் அந்த மௌனத்துக்குள் இருந்து வந்தவர்களே. கலைப் பட்டதாரியாகவும் ஆசிரியராகவும் இருந்த நாம் இந்நாட்டுக்கு வந்து, ஒரு தொழிற்சாலையின் கொதிகலன் அறையைக் கூட்டித் துடைப்பதில் ஐந்து ஆண்டுகளைக் கழித்தோம். “இதைக் கொஞ்சம் பிடி, அதைக் கொஞ்சம் கழற்று” என்று கூறப்பட்ட பொழுதெல்லாம், என்ன ஏது என்று வினவாமல் பிடித்தோம், கழற்றினோம். எமக்கு ஒன்றும் நேராமற் போனது எமது சாமர்த்தியத்தினால் அன்று.

எனவேதான் இக்கட்டுரை. நாம் எரிவாயுத் தொழில்நுட்பவியலாளர் அல்லர். இதனை வாசித்துவிட்டு எவரும் ஒரு மானியைப் பொருத்திவிட முடியாது, பொருத்தவும் கூடாது. ஒழுங்காகச் செய்யப்படும் வேலை எப்படியிருக்கும் என்று தெரிந்தால், ஒழுங்கற்ற வேலையை எம்மவர் கண்டவுடனே இனங்கண்டு விலகி நிற்க முடியும் என்பதே எமது நோக்கம்.

குழாய்க்குள் இருப்பது என்ன?

இயற்கை வாயுவின் பெரும்பகுதி மெதேன். அதற்கு நிறமில்லை, இயல்பாக மணமும் இல்லை. காற்றைவிடப் பாரம் குறைந்தது என்பதால் மேலெழுந்து கூரையின் கீழ் தேங்கும். காற்றில் ஏறத்தாழ 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்பொழுது ஒரு சிறு பொறி போதும். அந்தப் பொறி தீக்குச்சியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. மின்விளக்கின் ஆளி, குளிரூட்டியின் மோட்டார், கையிலுள்ள தொலைபேசி ஆகிய எதிலிருந்தும் வரலாம்.

நாம் உணரும் அழுகிய முட்டை போன்ற மணம் வாயுவுக்குரியதன்று; எம்மை எச்சரிப்பதற்காகச் சேர்க்கப்படுவது. அதன் பின்னால் ஒரு துயரக் கதை உண்டு. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்னும் ஊரில் 1937 மார்ச் 18 அன்று, மணமூட்டப்படாத வாயு ஒரு பாடசாலையின் அடித்தளத்தில் எவருமறியாமல் தேங்கி வெடித்தது. ஏறத்தாழ 300 பேர் இறந்தனர், பெரும்பாலோர் மாணவர்கள். அதன் பின்னரே வாயுவுக்கு மணமூட்டுவது சட்டமாகப் பரவியது. வகுப்பறையில் ஆயுளின் ஒரு பகுதியைச் செலவிட்ட எமக்கு அந்தச் செய்தியை அமைதியாக வாசிக்க முடிவதில்லை.

ஆனால் அந்த மணத்தையும் முற்றாக நம்பிவிடக் கூடாது. சிறிது நேரம் ஒரே மணத்தை நுகர்ந்துகொண்டிருந்தால் மூக்கு களைத்து, மணம் இல்லாததுபோற் காட்டும். புதிய உருக்குக் குழாயோ அந்த மணப்பொருளைத் தன் சுவரிலே உறிஞ்சிக்கொள்ளும். அதாவது, புதுக் குழாய் பூட்டும் நாளில்தான் மூக்கு எம்மை ஏமாற்றுவதற்கு வாய்ப்பு அதிகம்.

கார்னர் என்னும் ஊரில் நடந்தது

அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்திலுள்ள கார்னர் நகரில் ஓர் இறைச்சி உணவுத் தொழிற்சாலை இருந்தது. 2009 யூன் 9 அன்று அங்கே வாயுவில் இயங்கும் புதிய நீர்ச்சூடாக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். புதுக் குழாய்க்குள் இருந்த காற்றை வெளியேற்றி வாயுவை நிரப்பவேண்டும். அதற்காகக் குழாயின் முனையைத் திறந்து, வெளியே வந்த வாயுவைக் கட்டடத்தின் உள்ளேயே விட்டார்கள். சூடாக்கி உடனே பற்றவில்லை. இரண்டரை மணி நேரம்வரை விட்டுவிட்டு இதையே செய்தார்கள். வாயுவை அளக்கும் கருவியை நம்பாமல் மூக்கை நம்பினார்கள். வாயு மணத்ததைச் சிலர் உணர்ந்தும் அது வழமையானது என்றே எண்ணினர்.

அவ்வேளையில் 200க்கும் மேற்பட்டோர் அக்கட்டடத்தினுள் தங்கள் வழமையான வேலையைச் செய்துகொண்டிருந்தனர். எங்கோ ஒரு பொறி பற்றியது. நால்வர் உயிரிழந்தனர், 67 பேர் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பலர் தங்கள் தலைக்கு மேல் என்ன நடக்கிறது என்பதையே அறியாதிருந்தவர்கள். இந்த விபரங்களை அந்நாட்டின் இரசாயனப் பாதுகாப்புச் சபை விசாரித்து வெளியிட்டிருக்கிறது.

அடுத்த ஆண்டே, 2010 பெப்ரவரி 7 அன்று, கனெற்றிக்கட் மாநிலத்தின் மிடில்ரவுணில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த மின்நிலையம் ஒன்றில், குழாய்க்குள் கிடந்த குப்பைகளை அகற்றுவதற்கு இயற்கை வாயுவையே உயர் அமுக்கத்தில் ஊதினார்கள். 6 தொழிலாளர் மாண்டனர். காற்றாலோ நைதரசனாலோ செய்திருக்கக்கூடிய வேலை அது.

இவ்விரண்டு இடங்களிலும் வெடித்தது பழைய, பழுதடைந்த குழாய் அன்று, புதிய குழாயே. ஆபத்து மிகுந்த நேரம் எது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம். குழாய் மூடியிருக்கும் வரை வாயு தன் பாட்டில் இருக்கும். மனிதர் அதைத் திறக்கும் நாளும் மீண்டும் நிரப்பும் மணித்தியாலமுமே பொல்லாதவை. மானி பொருத்துவதென்பது இவ்விரண்டையும் ஒரே நாளிற் செய்வதாகும்.

அந்தச் சனிக்கிழமை

எமது மாணவர் முதலாளியிடம் திரும்பிச் சென்று பேசினார். எப்படிப் பேசினார் என்பதைப் பின்னர் கூறுவோம். முடிவில், உரிமம் பெற்ற ஒப்பந்தகாரர் ஒருவரே அமர்த்தப்பட்டார். அங்கு வேலை செய்வோரிற் பலர் தமிழர் என்பதால், அவர்களுக்குரிய பாதுகாப்பு அறிவுறுத்தலை மொழிபெயர்க்க நாம் அழைக்கப்பட்டோம். முதிய தொழில்நுட்பவியலாளர் ஒருவரும் உதவியாளர் ஒருவரும் வந்திருந்தனர். நாம் தூர நின்று பார்த்தவற்றையும் அவர் விளக்கியவற்றையும் ஒழுங்காக இங்கே தருகிறோம்.

முதலாவதாக, அவர் ஸ்பனரைத் தொடவில்லை. மானியின் தகட்டை வாசித்தார். அது தாங்கும் உச்ச அமுக்கம், அதனூடாகச் செல்லக்கூடிய மிகக்கூடிய அளவு, அது சரியாக அளக்கக்கூடிய மிகக்குறைந்த அளவு ஆகிய மூன்றையும் போறணையின் தேவையுடன் ஒப்பிட்டார். மானி சிறிதானால் போறணைக்கு வாயு போதாது; பெரிதானால் சிறு ஓட்டத்தை அது காணவே காணாது.

இரண்டாவதாக, எல்லாப் போறணைகளையும் அணைத்து, வாயு வரும் வழியிலுள்ள வால்வை மூடி, அதன்மேல் தமது சொந்தப் பூட்டைப் போட்டார். சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. “நான் உள்ளே கை வைத்திருக்கும்பொழுது வேறொருவர் வந்து திறக்கக்கூடாது” என்றார். வேலையில் ஈடுபடும் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு பூட்டைப் போடுவதே முறையாம். பின்னர் எஞ்சிய வாயுவைக் கட்டடத்துக்கு வெளியே பாதுகாப்பான இடத்துக்கு வெளியேற்றி, நைதரசனால் குழாயைக் கழுவி, கருவியால் அளந்து பார்த்த பின்னரே குழாயை வெட்டினார். நைதரசன் எரியாது, ஆயினும் அடைத்த அறையில் மூச்சை நிறுத்திவிடும். ஆகையால் அதுவும் வெளியேதான் விடப்பட்டது.

மூன்றாவதாக, வெட்டுமுன் குழாயின் இரு பக்கங்களையும் தடித்த செப்புக் கம்பியால் இணைத்தார். குழாய் இரண்டாகப் பிரியும்பொழுது நிலைமின்னோ வழிதவறிய மின்னோட்டமோ அந்த இடைவெளியிற் பொறியாகப் பாயாதிருப்பதற்கு. எம்மில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருக்கிறோம்?

நான்காவதாக, குழாய் வேலை முடிந்ததும், மானி இருக்கவேண்டிய இடத்தில் மானியை வைக்கவில்லை. அதே நீளமுள்ள வெறும் குழாய்த்துண்டு ஒன்றை வைத்தார். அதனூடாகக் காற்றை ஊதி, உருக்கொட்டு வேலையின் துணுக்குகளையும் இரும்புத் தூளையும் அகற்றினார். காற்றை அடைத்து அமுக்கச் சோதனையும் செய்தார். மானியை வைத்துக்கொண்டு இவற்றைச் செய்தால் அது பழுதடைந்துவிடும். அவர்கள் வாங்கியது சுழல் மானி. அதனுள்ளே எட்டு என்ற ஆங்கில இலக்கத்தின் வடிவமுள்ள இரண்டு உறுப்புகள் ஒன்றையொன்று தொடாமலே சுழல்கின்றன. அவற்றிடையேயுள்ள இடைவெளி மிகச் சிறிது. ஒரு துணுக்கு அகப்பட்டாற் போதும், சுழற்சி நின்றுவிடும். அதனாலேயே மானிக்கு முன்னால் ஒரு வடியும் பொருத்தப்பட்டது.

ஐந்தாவதாகவே அந்த “நாலு மரையாணி” வந்தது. வாயு செல்லும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்தார். வாயு மேலிருந்து கீழ்நோக்கிச் செல்லுமாறு மானியை வைத்தார். தூசி உள்ளே தங்காமல் கீழே விழுந்துவிடுமாம். நீர்மட்டம் வைத்துச் சரிபார்த்தார். குழாயின் இரு முனைகளும் தாமாகவே நேருக்கு நேர் வந்து நிற்கவேண்டும். வராவிட்டால் மரையாணியை முறுக்கி இழுத்துப் பிடிக்கக் கூடாது. அந்த இழுவிசை மானியின் உடலை நெளித்துவிடும். பழைய கஸ்கெற்றை எறிந்துவிட்டுப் புதியதை வைத்து, மரையாணிகளை ஒன்றுவிட்டு எதிரெதிராக, படிப்படியாக இறுக்கினார். அதன் பின்னரே மானியின் இரு ஓரங்களிலும் எண்ணெய் விட்டார். எண்ணெய் இருக்கும் மானியைத் தூக்கிச் சரித்தால் அது உள்ளே வழிந்துவிடும் என்பதால், இடத்தில் வைத்த பின்னரும் வாயுவைத் திறக்கும் முன்னரும் விடுவதே முறை.

ஆறாவதாக, வாயுவை நிரப்புதல். கார்னரில் நால்வரைக் கொன்ற படி இதுதான். இங்கே குழாயின் முனையிலிருந்து ஒரு தற்காலிகக் குழாய் கட்டடத்துக்கு வெளியே, யன்னல்களுக்கும் காற்றை உள்ளிழுக்கும் வாய்களுக்கும் அப்பால் கொண்டுசெல்லப்பட்டது. உதவியாளர் கையில் அளக்கும் கருவியுடன் அங்கேயே நின்றார். வேலையாட்கள் எல்லோரும் வாகனத் தரிப்பிடத்தில் நிறுத்தப்பட்டனர். பனிக்காற்று வீசியது, சிலர் முணுமுணுத்தனர். கார்னரின் கதையைச் சொன்னோம். முணுமுணுப்பு நின்றது.

வால்வை அவர் திறந்த வேகம் எமக்கு வியப்பளித்தது. ஒரு நோயாளியின் நாடியைப் பார்ப்பதுபோல, அமுக்கமானியைப் பார்த்தபடி சிறிது சிறிதாகத் திறந்தார். முதலில் பக்கவழிக் குழாயால் இரு புறமும் அமுக்கத்தைச் சமப்படுத்தினார். பின்னர் மானியின் பக்கம், மீண்டும் மெதுவாக. சடுதியாகத் திறந்தால் உள்ளே சுழல்பவை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடி அழிந்துவிடும். கடைசியாக ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நீரைப் பூசி, குமிழி எழுகிறதா என்று பார்த்தார். ஒன்றில் ஒரு சிறு குமிழி எழுந்தது. வால்வை மீண்டும் மூடிப் பூட்டினார், மூட்டைச் சரிசெய்தார், திரும்பவும் பூசினார். எவரும் அவசரப்படுத்தவில்லை.

போறணைகளையும் அவரே ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். வாயு நின்ற நேரத்தில் அணைந்துபோன சிறு சுடர்கள் யாவும் தேடிப் பார்க்கப்பட்டன. ஒன்று தவறவிடப்பட்டாலும் வாயு எரியாமலே வெளிவந்துகொண்டிருக்கக்கூடும்.

காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை முடியப் பின்னேரம் மூன்று மணியாயிற்று. அதில் மரையாணிகளுக்குச் சென்ற நேரம் அரை மணித்தியாலம் இருக்கலாம்.

மானி காட்டும் எண்

முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. மானியின் எண்ணை அப்படியே காசாக்கிவிட முடியாது. க.பொ.த. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்களுக்குப் போயிலின் விதி நினைவிருக்கும்: வெப்பநிலை மாறாதிருக்கையில் அமுக்கம் கூடினால் கனவளவு குறையும். வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் 200 கிலோபாஸ்கலில் இருக்கும் குழாயினூடாக ஒரு கன மீற்றர் சென்றதென மானி காட்டினால், சாதாரண அமுக்கத்தில் அது ஏறத்தாழ மூன்று கன மீற்றர் வாயு ஆகும். எனவே அமுக்கத்தையும் வெப்பநிலையையும் கொண்டு திருத்தும் கருவி ஒன்று தேவைப்படலாம். அது மின்சாதனம் என்பதால், வாயு இருக்கக்கூடிய இடத்துக்கென அங்கீகரிக்கப்பட்டதாக இருக்கவேண்டும்.

வாயுக் கம்பனியின் மானி வேறு. அதன்படியே பணம் அறவிடப்படுவதால் அது கனடிய அளவீட்டுத் திணைக்களத்தின் விதிகளுக்கமையச் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட்டிருக்கும். அந்த முத்திரையை எவர் சொன்னாலும் தொடவேண்டாம்.

சட்டம் எங்கள் பக்கம்

ஒன்ராறியோவில் எரிவாயு வேலை செய்ய ரீ.எஸ்.எஸ்.ஏ. என அழைக்கப்படும் தொழில்நுட்ப நியமங்கள், பாதுகாப்பு அதிகாரசபையின் சான்றிதழ் வேண்டும். ஜீ-3 சான்றிதழ் பெற்றவர் மேற்பார்வையின் கீழேயே வேலை செய்யலாம். ஜீ-2 பெற்றவர் மணித்தியாலத்துக்கு 400,000 பி.ரி.யூ. வரையான சாதனங்களில் வேலை செய்யலாம். அதற்கு மேற்பட்டவற்றுக்கு ஜீ-1 வேண்டும். பெரிய போறணைகளும் கொதிகலன்களும் பெரும்பாலும் இவ்வகையினவே. வேலையைப் பொறுப்பேற்கும் ஒப்பந்தகாரரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். “என்ரை சொந்த மீற்றர், என்ரை சொந்தக் குழாய்” என்று முதலாளி கூறுவது இதனை மாற்றாது.

இதனிலும் முக்கியமானது, தொழிற் சுகாதார, பாதுகாப்புச் சட்டத்தின் 43ஆம் பிரிவு. ஒரு வேலை தனக்கோ மற்றவருக்கோ ஆபத்தை விளைவிக்கும் என்று நம்பக் காரணமுள்ள தொழிலாளி அதைச் செய்ய மறுக்கலாம். மறுப்பதை உடனே மேற்பார்வையாளரிடம் கூறி, பாதுகாப்பான இடத்தில் நிற்கவேண்டும். தொழிலாளரின் பிரதிநிதி முன்னிலையில் அது விசாரிக்கப்படவேண்டும். தீராவிட்டால் தொழில் அமைச்சின் பரிசோதகர் அழைக்கப்படவேண்டும். இவ்வாறு மறுத்ததற்காக ஒருவரை வேலையால் நிறுத்துவதையும் அச்சுறுத்துவதையும் 50ஆம் பிரிவு தடைசெய்கிறது. அகதிக் கோரிக்கையாளரா, நிரந்தர வதிவுரிமை பெற்றவரா, குடியுரிமை பெற்றவரா என்று அப்பிரிவு கேட்பதில்லை.

சட்டம் புத்தகத்தில் இருப்பது ஒன்று. முதலாளியின் முகத்தைப் பார்த்து வாய் திறப்பது மற்றொன்று என்பதை நாம் அறிவோம். ஆகவே எமது மாணவருடன் இருந்து, அவர் சொல்லவேண்டியதை எளிய ஆங்கிலத்தில் நான்கு வரிகளாக எழுதிப் பழக்கினோம். அதன் சாரம் இதுதான்: “எனக்கு இந்த வேலைக்குரிய சான்றிதழ் இல்லை. நான் செய்தால் அது சட்டவிரோதம். உங்களுக்கும் தண்டனை வரலாம். விபத்து நேர்ந்தால் காப்புறுதியும் சிக்கலாகும். சான்றிதழ் உள்ளவரை அழையுங்கள். அவருக்கு வேண்டிய உதவியை நான் வெளியில் நின்று செய்கிறேன்.” கோபமில்லை, வாதமில்லை. “தண்டனை”, “காப்புறுதி” என்னும் இரு சொற்களும் முதலாளியைச் சிந்திக்க வைத்தன. எமது மாணவர் வேலையை இழக்கவில்லை.

வீட்டிலும் கவனம்

குடும்பத்தினருக்கும் சில வார்த்தைகள். வாயு மணத்தால் ஆளிகளைத் தொடாதீர்கள்; உள்ளே நின்று தொலைபேசியில் பேசாதீர்கள். பிள்ளைகளையும் முதியோரையும் அழைத்துக்கொண்டு வெளியேறித் தூரத்திற் சென்று 911ஐ அழையுங்கள். வீட்டு மானியின்மேல் மூடிய பனியைக் கையாலோ மெல்லிய தூரிகையாலோ அகற்றுங்கள். உறைந்த பனிக்கட்டியைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். தோட்டத்தில் வேலி நாட்டக் குழி தோண்டுமுன் ஒன்ராறியோ வன் கோல் நிலையத்துக்கு அறிவியுங்கள். குழாய் எங்கே செல்கிறதென இலவசமாக வந்து குறித்துத் தருவார்கள். 2003 ஏப்ரல் 24 அன்று இதே ரொறன்ரோவின் எற்றோபிக்கோவில், நிலம் தோண்டும் இயந்திரம் வாயுக் குழாயைத் தாக்கியதில் 7 பேர் இறந்ததை மறந்துவிடக்கூடாது.

நாம் எல்லோரும் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளவே இந்நாட்டுக்கு வந்தோம். குண்டு விழும் ஓசைக்குப் பதுங்குகுழிக்குள் ஓடிய பிள்ளைகள் இன்று இங்கே பெற்றோராக இருக்கின்றனர். அவ்வளவையும் கடந்து வந்த ஓர் உயிர், “ஓம்” என்ற ஒரு சொல்லுக்காக ஒரு வெதுப்பகத்தில் அழியலாகாது.

அன்று பின்னேரம் வாகனத் தரிப்பிடத்தில் எமது மாணவர் எம்மருகே வந்து நின்றார். “மாஸ்ரர், நான் பூட்டியிருந்தால் அந்தச் செப்புக் கம்பியும் போட்டிருக்க மாட்டன், வெறுங் குழாயும் வைச்சிருக்க மாட்டன். மரையாணியை மட்டும் நல்லா இறுக்கியிருப்பன்” என்றார். இப்பொழுது ஜீ-3 பயிற்சி நெறிக்கு விண்ணப்பிப்பது பற்றி விசாரித்து வருகிறார். அதற்கு வேண்டிய ஆங்கிலத்தை ஞாயிறுதோறும் நாம் சொல்லிக்கொடுக்கிறோம்.